நூற்றுக்கு நாற்பத்தொன்று

போன ஆள் ஊர் திரும்புவாரா மாட்டாரா என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும் இயந்திரம் மதுரைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஐரோப்பா விசா என்றால் காகிதம். ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமான வரி, ஓட்டல் முன்பதிவு, முதலாளி கொடுத்த விடுப்புக் கடிதம், விண்ணப்பிப்பவரே முதலாளி என்றால் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட விடுப்புக் கடிதம். அத்தனை காகிதமும் ஒரே கேள்விக்குத்தான் பதில்: போனால் வருவாயா? காகிதம் பொய் சொல்லும் என்பதை வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஆளையே தராசில் ஏற்றிவிட்டார்கள்.

இயந்திரத்துக்கு வாய்க்குள் நுழையாத பெயர் ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் அதை நங்கூரம் என்போம்.

விருதுநகரில் விசா ஏஜென்ட் நான். பெயர் தாமோதரன். மிளகாய் வத்தல் மண்டித் தெருவில் தும்மிக்கொண்டே வளர்ந்தவன். காகிதக் காலத்தில் என் தொழில் அலங்காரம் செய்வது. நங்கூரக் காலத்தில் ஆளைத் தயார் செய்வது. இரண்டிலும் கெட்டிக்காரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், கனகவேல் அண்ணாச்சி என் ஆபீஸ் படியேறும் வரைக்கும்.

மே மாதம், காலை பத்து மணி வெயில். முன்னால் ஜெயக்கொடி டீச்சர். பின்னால், தான் வரவில்லை, யாரோ இழுத்து வருகிறார்கள் என்பதுபோல அண்ணாச்சி. மண்டிக்காரர். அறுபத்து மூன்று வயது. பிள்ளைகள் இல்லை. டீச்சர் அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

"தாமோதரா, ஏழாம் வகுப்புல உனக்குப் பனியாறு நடத்துனது யாரு?"

"நீங்கதான் டீச்சர்."

"நான் பாத்திருக்கேனா அத?"

"எங்க டீச்சர் பாக்க?"

"முப்பத்து மூணு வருஷம், பாக்காத ஒண்ணப் பாத்த மாதிரி நடத்தியிருக்கேன். ஒரு தடவ நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துர்றேன். வருஷா வருஷம் சுருங்குதாம். விட்டா, போய் நின்னாப் பாறைதான் இருக்கும்."

"ஐஸ் பாக்கணும்னா சிவகாசி ரோட்டுல ஐஸ் கம்பெனி இருக்கு," என்றார் அண்ணாச்சி. "சொன்னா கேக்க மாட்டேங்கா."

டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மதுரையிலிருந்து பதினான்கு பேர் குழு ஜூன் பத்தாம் தேதி ஆல்ப்ஸுக்குக் கிளம்புகிறது, அதில் இரண்டு இடம் சொல்லி வைத்தாகிவிட்டது, விசா மட்டும்தான் பாக்கி என்றார். அண்ணாச்சிக்கு நான் நங்கூரத்தை விளக்கினேன்.

"பன்னெண்டு நிமிஷம் அண்ணாச்சி. மணிக்கட்டுல ஒரு பட்டை கட்டுவாக. ஒரு குரல் தமிழ்ல கேள்வி கேக்கும். நீங்க சொல்ற பதிலையும் கேக்கும், சொல்றப்ப உங்க நாடி என்ன சொல்லுதுன்னும் கேக்கும். உங்கள இங்க புடிச்சு வச்சிருக்கிறது எது, அது எவ்வளவு கனம்னு நிறுத்துப் பாக்கும். அறுபது வந்தா விசா."

"நாடியவா?" என்று கேட்டுவிட்டுத் தன் மணிக்கட்டைப் பார்த்தார். "பாக்கட்டும், பாக்கட்டும்."

அந்தப் 'பாக்கட்டும்' எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறு வாரம் முடிவு வந்தது. டீச்சருக்கு எழுபத்து நான்கு. அண்ணாச்சிக்குப் பத்தொன்பது.

பத்தொன்பதை நான் அதற்கு முன்னால் ஒரே ஒருவரிடம்தான் பார்த்திருந்தேன். அந்த ஆள் மேல் மூன்று வாரண்டு இருந்தது. ஏஜென்டுக்குப் பேட்டியின் ஒலிப்பதிவு கொடுப்பார்கள். காதில் மாட்டிக் கேட்டேன்.

"உங்கள் கடையைப் பற்றிச் சொல்லுங்கள், ஐயா."

"கடையா? அது கெடக்கு. ஓட்டுக் கட்டடம். மழ பேஞ்சா ஒழுகும்."

"உங்கள் வீடு?"

"மேக்கப் பாத்த வாசல். வெக்கை தாங்காது."

"உங்கள் ஊரில் உங்களுக்குப் பிடித்தது என்ன?"

"விருதுநகர்லயா? வெயிலு. அதத் தவிர வேற சரக்கு இங்க கெடையாது."

"உங்கள் மனைவி?"

"அவளா? டீச்சரு. பள்ளிக்கூடத்த விட்டு வந்தாலும் பிரம்ப விட்டு வரல."

நாடிக் கோடு, தண்டவாளம் மாதிரி நேராகப் போயிருந்தது. ஓரிடத்தில்கூடத் துள்ளவில்லை.

நேரே மண்டிக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வத்தல் ஒன்றைக் கிள்ளி முகர்ந்துகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீக? கட்டின வீட்டையும் கட்டின பொண்டாட்டியையும் மட்டம் தட்டி வச்சிருக்கீக!"

"ஏப்பா, முன்னப் பின்ன தெரியாதவன் வந்து இதுக்கு என்ன வெல, அதுக்கு என்ன வெலன்னு கேட்டா? நமக்குப் புடிச்சதுன்னு காட்டிக்கிட்டா மேல ஏறி உக்காந்துர மாட்டானா?"

"அது வாங்க வரல அண்ணாச்சி. உங்ககிட்ட ஒண்ணையும் வாங்கிட்டுப் போகாது."

"அப்ப எதுக்குக் கேக்குது?"

குற்றம் அவருடையது இல்லை. எங்கள் தெருவில் வாய்விட்டு விலை சொல்வதில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடி, விரலால் பேசுவார்கள். எதிராளி விரலை மட்டும் பிடிப்பதில்லை, நாடியையும் சேர்த்துத்தான் பிடித்திருப்பான். சரக்கு பிடித்துப்போய் நாடி துள்ளினால் விலையும் துள்ளிவிடும். நாற்பத்தைந்து வருடம் நாடியை அடக்கி வைத்த மனிதரின் மணிக்கட்டில் போய்ப் பட்டையைக் கட்டினால் அது என்ன கேட்கும்? கதவைத் தட்டிவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

ஒரு வாரத்துக்குள் ஒரு தடவை மறுபேட்டி கேட்கலாம். ஒரே தடவைதான்.

"டீச்சர்கிட்டச் சொல்லிட்டியா?" என்றார், வத்தலைப் பார்த்தபடியே.

"ரெண்டு மார்க்கும் சொல்லியாச்சு."

"என்ன சொன்னா?"

"சிரிச்சாங்க. 'அவருக்கு அவ்வளவு போட்டதே அதிகம்'னாங்க."

அவர் சிரிக்கவில்லை.

மூன்று நாள் பழக்கினேன். "டீச்சர் இல்லாட்டி என்ன செய்வீக?" என்று கேட்டால், "பரோட்டாக் கடையில சாப்பிட்டுக்கிடுவேன்" என்பார். நான்காம் நாள் பொறுமை போய், அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, கையைப் பிடித்து மேலே போட்டு மூடினேன்.

"வாயால வேண்டாம். கையால சொல்லுங்க. மண்டி என்ன வெல?"

துண்டுக்குள் அவர் விரல்கள் விழித்துக்கொண்டன. மண்டிக்கு ஒரு விலை சொன்னார். நியாயமான விலை. வீட்டுக்குக் கொஞ்சம் கூட்டியே சொன்னார். முகம் மட்டும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டீச்சர்?"

விரல் ஒன்றும் சொல்லவில்லை. என் கையை மொத்தமாகப் பிடித்தார். எலும்பு வலிக்கப் பிடித்தார். நாடி, சாக்குக்குள் அகப்பட்ட எலி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. முகம் அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபேட்டிக்கு நானே மதுரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே கவுண்டரில் இருந்த பெண் பெயர் பிரிசில்லா. பாளையங்கோட்டைக்காரர். பட்டை கட்டிய கை மேல் துண்டு போட்டுக்கொள்ள அனுமதி கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"குளிருதாம். ஏசி சேராது."

மேலும் கீழும் பார்த்துவிட்டு, விதியில் துண்டைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து வெளியே வந்த அண்ணாச்சியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனார். பிரிசில்லா திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எண்பத்தாறு சார். இங்க இவ்வளவு பாக்கிறது அபூர்வம்."

"அப்ப விசா?"

"இல்ல சார். பத்தொன்பதுக்கு மறுத்தது இப்ப எண்பத்தாறுக்கும் மறுப்புதான். கழிச்சா இருபத்தொண்ணு வருது."

"எதக் கழிச்சா?"

"எண்பத்தாறுல அறுபத்தஞ்சு அவங்க மனைவிதான். சேந்து போறதா விண்ணப்பிச்சிருக்காங்க. ஆளக் கட்டிப்போடுற நங்கூரம் ஆளோடயே கப்பல்ல ஏறிட்டா, அப்புறம் கரையில என்ன இருக்கு? கடையும் வீடும் இருபத்தொண்ணுதான் தாங்குது."

அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"ஏம்மா, அப்ப நான் அவள இங்க விட்டுட்டுத் தனியாப் போனா வுடுவீங்களா?"

"போகலாங்க ஐயா. எண்பத்தாறு அப்படியே நிக்கும்."

"எனக்கு அங்க என்ன சோலி? அவதான் பாக்கணுங்கிறா."

"அப்ப அம்மா தனியாப் போகட்டும். குழுவோடதான போறாங்க? ஒரு தடவை போய்ச் சரியான தேதிக்குத் திரும்பிட்டா, அந்தக் குடும்பத்துக்கே அடுத்த தடவை இந்தப் பேட்டி கிடையாது. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேந்து போகலாம். ஆனா அம்மாவ மறுபடி அளக்கணும். எழுபத்து நாலு, நீங்க கூடப் போறதா இருந்தப்ப வந்த மார்க்."

அண்ணாச்சிக்கு அது பிடித்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது உற்சாகமாகவே பேசினார். "நான் கூடப் போறப்பவே எழுபத்து நாலு. நான் இங்க இருந்தா கூடத்தான ஏறணும்? எனக்கு அறுபத்தஞ்சு போட்டிருக்கு. அவளுக்கு நான் அவ்வளவு வேண்டாம், ஒரு பத்து இருக்க மாட்டேனா? எண்பது தாண்டும் பாரு." திருமங்கலம் வரைக்கும் இந்தக் கூட்டலே ஓடியது.

டீச்சர் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். பட்டையைக் கழற்றும்போதே பிரிசில்லாவிடம், "இந்தக் கேள்வியெல்லாம் யாரு தயார் பண்றா? ஒரே கேள்விய மூணு விதமாக் கேக்கக் கூடாது. பிள்ளைங்க குழம்பும்" என்று சொல்லிவிட்டு வந்தார். முடிவு இரண்டு நாள் கழித்து என் கணினிக்கு வந்தது. ஏஜென்ட் வழி போகும் விண்ணப்பத்தில் எண் ஏஜென்டுக்கு மட்டும்தான் வரும்.

நாற்பத்தொன்று.

மூன்று தடவை பெயரைச் சரிபார்த்தேன். பிறகு அண்ணாச்சியை ஆபீசுக்கு வரச் சொன்னேன். மண்டியில் சொல்லும் விஷயம் இல்லை.

"நான் கூட வந்தா எழுபத்து நாலு," என்றார். மெதுவாகத்தான் பேசினார். "நான் இங்க இருந்தா நாப்பத்தொண்ணு."

"இது சும்மா கணக்குதான் அண்ணாச்சி. நீங்க கூடப் போனா உங்க கூடவே திரும்பிருவாங்க. அது பழக்கம். தனியாப் போனா..."

"தனியாப் போனா?"

"நூத்துல நாப்பத்தொரு தடவ வருவாங்க."

"மிச்சம் அம்பத்தொம்பது?"

மேஜையில் இருந்த அட்டைகளை நான் அடுக்கத் தொடங்கினேன். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

"வேற ஆளு யாரும்னு..." என்று ஆரம்பித்து, அவரே தலையை ஆட்டி அதைத் தள்ளினார். "இல்ல. அதில்ல. முப்பத்தஞ்சு வருஷமா நான் ஒரு நாளும் அவகிட்ட எதையும் நல்லாருக்குன்னு சொன்னதில்லப்பா. கொழம்பு நல்லாருந்தா இன்னொரு கரண்டி வாங்குவேன். அவளுக்குப் புரியும்னு நெனச்சேன்."

"சொல்லிருங்களேன், இப்ப."

"இப்பச் சொன்னா விசாவுக்குச் சொல்ற மாதிரி இருக்கும்."

அப்புறம் அவருக்குள் இருந்த வியாபாரி முழித்துக்கொண்டார். "அறுபதுக்குக் கீழ வந்தா வேற வழியே கெடையாதா? எல்லாத்துக்கும் ஒரு பின்வாசல் வச்சிருப்பானே."

இருந்தது. நான் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்த வழி. பிணைக் கையெழுத்து. ஊரில் இருக்கும் நெருங்கிய உறவு ஒருவர் போடலாம். விசாவின் கடைசி நாளுக்குள் பயணி வெளியேறாவிட்டால் பயணிக்கு ஒன்றுமில்லை. தண்டனை முழுக்கப் பிணைக்காரருக்கு. அவர் ஆயுளுக்கும் ஐரோப்பாவில் கால் வைக்க முடியாது.

"அதாவது," என்றார், "அவ அங்கயே இருந்துட்டா, தேடிப் போய்க் கூப்புடக்கூட முடியாது என்னால."

"ஆமா அண்ணாச்சி. வேண்டாம். மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிருவோம். டீச்சர் நம்புவாங்க."

"எங்க கையெழுத்துப் போடணும்?"

"அண்ணாச்சி, நாப்பத்தொண்ணுண்ணு தெரிஞ்சே..."

"எங்கன்னு கேட்டேன்."

மூட்டைக்கு ஒரு ரூபாய்க்காக ஒரு மணி நேரம் பேரம் பேசும் மனிதர் அது. மூன்று இடத்தில் கையெழுத்தும் ஒரு இடத்தில் பெருவிரலும் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்து முடித்தபின் விரலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பிணை இருக்குன்னு அவளுக்குத் தெரியக் கூடாது."

"தெரிஞ்சாத்தான அண்ணாச்சி கட்டாயம் வருவாங்க?"

"அதான். தெரிஞ்சா எனக்காகப் பாவம்னு வருவா. அப்படி வர்றது வேண்டாம். எண்பத்து மூணு வந்துருக்குன்னு சொல்லிரு."

தன் பக்கத்துச் சரக்கு ஒன்றுக்கு அவர் வாய்விட்டு விலையை ஏற்றிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

டீச்சருக்கு போன் செய்தேன். "எண்பத்து மூணா?" என்றார். "நான் எனக்கே அவ்வளவு போட்டிருக்க மாட்டேன் தாமோதரா." பிறகு சிரித்துவிட்டு, ஸ்வெட்டர் மதுரையில் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டார்.

ஜூன் பத்தாம் தேதி கிளம்பினார். குழுவுக்கு ஒன்பது நாள் சுற்றுலா, விசா பன்னிரண்டு நாள். முதல் சில நாள் படங்கள் வந்தன: தேவாலயம், ஏரி, மஞ்சள் டிராம். ஏழாம் நாள் மலையடி கிராமம். "மூட்டம். ஒன்றும் தெரியவில்லை" என்று ஒரு வரி. படத்தில் வெறும் வெள்ளை.

பத்தாம் நாள் பன்னிரண்டு பேர் மதுரையில் வந்து இறங்கினார்கள். டீச்சர் ஓட்டலில் இன்னும் இரண்டு நாள் நீட்டித்துக்கொண்டார், விசாதான் இருக்கிறதே என்றார்கள். நான் அண்ணாச்சியிடம் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார். "பன்னெண்டு நாள்னுதான போட்டிருக்கு."

பன்னிரண்டாம் நாள் மதியம் மூன்று மணிக்கு என் போன் அடித்தது.

"தாமோதரா, இன்னைக்கும் மூட்டம். இவ்வளவு தூரம் வந்துட்டு அதப் பாக்காமத் திரும்புறதா? இன்னும் ரெண்டு மூணு நாள் இருந்தா எனக்கு என்ன ஆகும்?"

கேள்வி நேராக இருந்தது. பதிலும் நேரானதுதான்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது டீச்சர்."

"நிசமாவா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க, விதியப் பாத்துட்டுக் கூப்புடுறேன்."

மண்டிக்கு ஓடினேன். ஆபீசுக்கும் மண்டிக்கும் நடுவே நான்கு கடை. அண்ணாச்சி ஒரு லோடு வத்தலை இறக்கிக்கொண்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மாலை ரயில் பிடித்தால்தான் இன்றைக்குள் வெளியேற முடியும், உண்மையைச் சொல்லிவிடலாம், சொன்னால் அந்த ரயிலுக்கே ஓடிவருவார் என்றேன்.

"கொரல் எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான்."

"மூட்டம்ங்கிறது நிசமா?"

"அது ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும் அண்ணாச்சி. அந்த மலை மேல கேமரா வச்சிருக்காங்க. உலகத்துல யார் வேணும்னாலும் பாக்கலாம். இந்தா, போன்லயே..."

என் கையைத் தட்டிவிட்டார். போன் மூட்டை மேல் விழுந்தது.

"பாக்காத!"

இறக்குக்கூலி ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பாத்துட்டா, பொண்டாட்டி சொன்னத வெளிய விசாரிச்சவன்னு ஆயிரும்பா. அவ மூட்டம்னு சொன்னா மூட்டம்தான். பாத்துட்டு வரட்டும்."

"அண்ணாச்சி, அப்புறம் நீங்க ஆயுசுக்கும்..."

"போயிச் சொல்லு. அஞ்சு நிமிஷம்னுட்டு வந்திருக்க, அங்க காத்துக்கிட்டு இருப்பா."

சொன்னேன். "இருந்து பாத்துட்டு வாங்க டீச்சர்." நன்றி என்றார். வைத்துவிட்டார்.

அண்ணாச்சி பார்க்காதே என்றது அவருக்காக. நான் மண்டித் தெருவில் வளர்ந்தவன்; சரக்கைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டுக் கேமராவைத் திறந்தேன்.

வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. நீலமும் வெள்ளையுமாகப் பனியாறு, பாடப்புத்தகப் படத்தைவிடத் துல்லியமாக, மலையிலிருந்து இறங்கிக் கிடந்தது. பார்வையாளர் மேடையில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் சேலைக்கு மேல் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண். பக்கத்தில் பெட்டி. அவர் பனியாற்றைப் பார்க்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டி, கீழே ஸ்டேஷனுக்குப் போகும் பாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அந்த மாலை ரயில் போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை பிணை தவறியதாக அறிவிப்பு வந்தது. அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "அழிச்சிரு" என்றார். "வந்தாளான்னு எதாவது?"

"இல்ல அண்ணாச்சி."

அன்றும் கேமராவில் வெயில்தான். அன்றும் அதே பெஞ்சு, அதே பெட்டி. அடுத்த நாளும். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசினார். டீச்சர் தலையாட்டினார். அந்தக் கிழவர் எழுந்து போனபின் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துப் பார்த்தார், மூடினார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் விசாவுக்கு வந்து திரும்பிப் போனார்கள்.

பதினைந்தாம் நாள் பெஞ்சு காலி.

எங்கே போனார் என்று கேமராவுக்குத் தெரியாது. ஸ்டேஷனில் ஒரு பக்கம் விமான நிலையத்துக்கு ரயில், மறுபக்கம் மிச்ச ஐரோப்பா முழுவதற்கும் ரயில். வெளியேறினார் என்ற அறிவிப்பும் வரவில்லை. பிணை தவறியபின் அறிவிப்பு அனுப்ப மாட்டார்கள், கோப்பு மூடிவிடும். அன்று முழுக்க நான் அண்ணாச்சி இருக்கும் பக்கமே போகவில்லை. பார்த்தால் என் முகம் சொல்லிவிடும். அவர் மாதிரி எனக்குப் பழக்கம் இல்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு அவரே போன் செய்தார்.

"சாப்பிட வா."

"என்ன அண்ணாச்சி?"

"வந்துட்டா. ஏதோ சாக்லெட்டு வாங்கிட்டு வந்துருக்கா உனக்கு."

போனேன். பச்சை ஸ்வெட்டர் கொடியில் தொங்கியது. டீச்சர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு கிலோ இளைத்திருந்தார். அண்ணாச்சி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வழக்கமாக மூன்று தோசை. அது ஆறாவதாம்.

"மூணு நாளா ஒரே மூட்டம் தாமோதரா," என்றார் டீச்சர், கல்லைப் பார்த்தபடி. "நாலாவது நாள் காலையிலதான் விலகுச்சு."

"நல்லவேள டீச்சர்," என்றேன். கேமராவில் பார்த்ததை என் முகம் சொல்லியிருக்க வேண்டும்; டீச்சர் ஒரு கணம் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கல்லுக்குத் திரும்பினார்.

"நல்லாருந்துச்சா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

தோசைக் கரண்டி ஒரு கணம் நின்றது. அந்த வார்த்தையை இந்த வீட்டுக்குள் அவர் சொல்லிக் கேட்டதில்லை போலும்.

"நல்லாருந்துச்சு," என்றார் டீச்சர். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "நீங்க பாக்கணும்ங்க. அங்க உக்காந்து அதத்தான் நெனச்சேன். நான் போயிட்டு வந்துட்டேன்ல, இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் பேட்டியே கெடையாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சாமே. அடுத்த வருஷம் சேந்து போவோம். தாமோதரா, இப்பவே எழுதிப் போட்டு வச்சிரு."

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தார்.

"எனக்கெதுக்கு அந்தக் குளிரு? மூட்டு வலி வேற. நீ வேணும்னா வருஷா வருஷம் போயிட்டு வா."

டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். கோபமா, வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லு தாமோதரா. ஆசைன்னு ஒண்ணு வேண்டாமா மனுசனுக்கு?"

அப்போது அண்ணாச்சியும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இருவர் கண்ணிலும் ஒரே கெஞ்சல்தான். சொல்லிவிடாதே என்பது.

நான் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டேன்.